பார்த்தியா, கேட்டியா, நெனச்சியா: பியூலா அக்கா

பியூலா அக்கா போன செய்தி வந்தபோது நான் பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கறிக்கடையில் நின்றிருந்தேன். ஆலையில் கண்ட்ரோல் ரூம் பார்த்த பாஷாதான் போன் செய்தான். பாஷா போன் செய்தால் முதலில் என்னைக் கொஞ்சம் கிண்டல் செய்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். அன்று கிண்டல் இல்லை. "ரத்னம், அக்கா போய்ட்டாங்கப்பா" என்றான். அந்த நிமிஷம் சிவாஜிநகரே அப்படியே நின்றுவிட்டது. கத்தி நின்றது, தராசு நின்றது, ஸ்டாண்டில் இருந்த பஸ் எல்லாம் நின்றுவிட்டன.

இதைப் படித்தால் அக்கா என்ன கேட்பார் என்று அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். "பஸ் நின்னதைப் பார்த்தியா ரத்தினம், இல்ல நெனச்சியா?" சரி அக்கா. ஒரு பஸ் நின்றது. அதுவும் நிற்கவேண்டிய இடத்தில்தான் நின்றது. கறிக்கடைக்காரர் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். "இன்னாப்பா, வூட்ல யாருக்கு இன்னா?" என்று கேட்டார். இது பார்த்தது.

அக்காவின் தங்கை எஸ்தர், நினைவு ஜெபக்கூட்டத்தில் கொடுக்கச் சின்னதாக ஒரு மலர் போடுகிறோம், ஆலைக்காரர்கள் சார்பில் நீங்கள் ஒரு பக்கம் எழுதுங்கள் அண்ணா என்றார். ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா அக்கா? எழுத என்னைவிடப் படித்தவர்கள் ஆலையில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனாலும் என்னிடம் கேட்டார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹோஸ்கோட்டே ரோட்டில் பெயின்ட்டுக்கு வேண்டிய ரெசின், அதாவது பிசின், காய்ச்சும் ஆலை எங்களுடையது. பியூலா அக்கா அங்கே சேஃப்டி சிஸ்டம் முழுவதற்கும் பொறுப்பு. லிங்கராஜபுரத்துக்காரர், இன்ஜினியரிங் படித்தவர், அந்தக் காலத்தில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண். ஆபீஸில் மேடம். கீழே எங்களுக்கெல்லாம் அக்கா. நான் முனிரத்தினம், நீலசந்திராக்காரன், அவரிடம் டெக்னீஷியன். ஊரில் கேட்டால் அக்காவுக்கு நான் வலது கை என்று சொல்வேன். அக்காவிடம் கேட்டால், "கையெல்லாம் இல்ல, ஒரு வெரல்" என்பார். "ஆனா அந்த வெரல் இல்லாம ஸ்க்ரூ டிரைவர் புடிக்க முடியாது" என்றும் சொல்வார். இந்த இரண்டாவது வரியைச் சொல்லும்போது பாஷா பக்கத்தில் இருந்தான். அவனையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் யார் என்று தெரிந்துவிட்டது. என்ன வேலை தெரியும் என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "மெஜஸ்டிக்குல பாதித் தியேட்டருக்கு வயரிங் போட்டவன் மேடம்" என்றேன். அவர் சிரிக்கவே இல்லை. "ஓ, அதான் மீதிப் பாதியில மட்டும் லைட் எரியுதா?" என்றார். இத்தனை வருஷத்தில் என்னை ஒரே வரியில் வாயடைக்க வைத்த ஆள் அவர் ஒருவர்தான். என் வீட்டுக்காரிக்குக்கூட இரண்டு மூன்று வரி தேவைப்படும்.

அவருடைய மூன்று கேள்வி பிறந்ததே என்னால்தான். இந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஒரு நாள் காலையில் ரெசின் காய்ச்சும் பெரிய கெட்டில் பக்கம் புகை வருகிறது என்று நான் இன்டர்காமில் சத்தம் போட்டேன். ஆலையே ஓடி வந்தது. அக்கா செருப்பு ஒன்று கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடி வந்தார். பார்த்தால் கேன்டீனில் இட்லிப் பானையைத் திறந்திருக்கிறார்கள், அந்த ஆவி காற்றில் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. எல்லோரும் என்னைத் திட்டினார்கள். அக்கா திட்டவில்லை. மூச்சு வாங்க நின்று, "பொகையைப் பார்த்தியா, யாராவது சொல்லிக் கேட்டியா, இல்ல நெனச்சியா?" என்றார். நான் யோசித்துப் பார்த்து, வெள்ளையாக ஒன்றைப் பார்த்தேன், புகை என்று நினைத்தேன் என்றேன். "அப்ப அப்படியே சொல்லியிருக்கணும். வெள்ளையா பார்த்தேன், பொகைன்னு நெனக்கிறேன். அவ்வளவுதான். நெனக்கிறது தப்பில்ல, ரத்தினம். நெனச்சதைப் பார்த்ததா சொல்றதுதான் தப்பு."

அன்றிலிருந்து எங்கள் ஆலையில் இன்டர்காமில் யார் எதைச் சொன்னாலும் அந்த வார்த்தைதான் முதலில் வரும். பார்த்தேன், பம்ப் ஓடுது. கேட்டேன், பேரிங் சத்தம். நெனக்கிறேன், வால்வு அடைப்பு. பார்த்தேன் என்பதற்குக் கன்னடக்காரர்கள் 'நோடிதே' என்று ஆரம்பிப்பார்கள், பாஷா 'தேக்கா' என்பான். வெளியிலிருந்து வருகிறவர்கள் இதென்ன பஜனையா என்று கேட்பார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

இனி சேஃப்டி பெட்டியில் கார்டு மாற்றிய கதை. இதைத்தான் எழுத வந்தேன்.

ரெசினைப் பெரிய கெட்டிலில் ஊற்றி, சூடாக்கி, கலக்கிக்கொண்டே காய்ச்ச வேண்டும். சூடு அளவை மீறினால் உள்ளே இருப்பது தானே பொங்கிக் கிளம்பும். கலக்குவது நின்றால் கெட்டிலோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடும், அப்புறம் ஆள் உள்ளே இறங்கி உளி வைத்துக் கொத்த வேண்டும். கெட்டில் பக்கத்தில் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் நம்ம நீலசந்திரா ஆட்கள், என் மச்சான் ஏழுமலை உட்பட. அந்தச் சூட்டுக்குக் காவல் இருப்பதுதான் சேஃப்டி கண்ட்ரோலர். பேனல் ரூமில் பீரோ மாதிரி நிற்கும். சூடு மீறினால் யாரையும் கேட்காது. தானே ஹீட்டரை அணைத்துக் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிடும்.

அந்தப் பெட்டி என்ன பார்க்கிறது என்பதைக் கண்ட்ரோல் ரூம் திரைக்குச் சொல்ல இரண்டு கம்யூனிகேஷன் கார்டுகள் இருந்தன. இடது ஒன்று, வலது ஒன்று. பெட்டி மூளை என்றால் இவை இரண்டும் வாய். ஒன்று ஊமையானாலும் மற்றது பேசும். இரண்டும் சேர்ந்து ஊமையானால், நான் சொல்வதைக் கேட்க ஆளில்லை என்று பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிடும், கலக்கும் மோட்டார் உட்பட. பழைய காலத்து அமைப்பு அப்படி. கெட்டிலில் சூடான ரெசின் இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

பெட்டிக்கு வயதாகிவிட்டது. இடது கார்டு பேசிக்கொண்டே இருந்து திடீரென்று வாயை மூடும், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி பேசும். வீட்டில் பெரியவர்கள் சிலர் இருக்கிறார்களே, அந்த மாதிரி. அந்த மாடலைச் செய்வதை நிறுத்தி வெகு காலமாகிவிட்டது. அதே இடத்தில் பொருந்துகிற புது மாடல் கார்டு இரண்டு வந்தன. ஹெட் ஆபீஸ் ஒரே பேச்சாகச் சொன்னது: ஆலையை நிறுத்தக்கூடாது, வேண்டுமென்றால் பைபாஸ் சாவியைத் திருப்பிவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பைபாஸ் சாவியைத் திருப்புவது என்றால் காவல்காரனைத் தூங்க வைப்பது. பெட்டி பார்க்கும், ஆனால் எதையும் நிறுத்தாது.

அக்காவுக்கு ரிடையர்மென்ட் நெருங்கிய நேரம். அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா, மொத்த வேலையையும் வெளி ஆட்களிடம் கொடுத்துவிடுவதா என்று மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு ஒருவராக இருந்தால் சாவியைத் திருப்பிவிட்டுப் போயிருப்பார். அக்கா மீட்டிங்கில் எழுந்து, "சாவியும் திருப்ப மாட்டேன், ஆலையும் நிக்காது. ஒண்ணு பேசும்போது இன்னொண்ணை மாத்தித் தர்றேன்" என்று வாக்குக் கொடுத்தார். நான் அந்த மீட்டிங்கில் இல்லை. எங்கள் பிளான்ட் மேனேஜர் மஞ்சுநாத் சார் வெளியே வந்து சொல்லிக் கேட்டது.

இங்கே ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆலை ஆயுத பூஜைக்கு ஈடாக பெங்களூரில் இன்னொன்று கிடையாது. கேட்டிலிருந்து கெட்டில் வரை வாழை மரம், பூசணிக்காய், மூட்டை மூட்டையாகப் பொரி. ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம். அக்கா வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனால் பொரி கடலை தின்பதில் எங்கள் யாரையும் விட அவர்தான் முதல். பேனல் ரூமுக்குள் மட்டும் அன்று வரமாட்டார். "உங்க வேலை முடியட்டும்" என்று வாசலில் பொரியோடு நிற்பார். நாங்கள் உள்ளே போய்ப் பெட்டிக்குப் பொட்டு வைப்போம். கதவுக்கு வெளியே வைத்தால் பெட்டிக்குத் தெரியுமா? அதனால் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் கார்டு ஒவ்வொன்றுக்கும் வைப்போம். கம்யூனிகேஷன் கார்டுகளில் பொட்டு வைக்கவே செய்தது மாதிரி காசு அகலத்தில் வட்டமாக ஓர் இடம் இருந்தது. வருஷா வருஷம் அதே இடம். பழையதன் மேல் புதியது. நான் வைக்கும் பொட்டு எவ்வளவு அழுத்தமாக இருக்கும் என்றால், அடுத்த ஆயுத பூஜை வரை அசையாது.

கார்டு மாற்றும் நாள் வந்தது. கெட்டிலில் ரெசின் காய்ந்துகொண்டிருந்தது. கண்ட்ரோல் ரூமில் பாஷா பக்கத்தில் அக்கா, கையில் வாக்கிடாக்கி. பேனல் ரூமில் பெட்டி முன்னால் நான், என் பக்கத்தில் புது கார்டைக் கொண்டுவந்த இன்ஜினியர், வாசலில் மஞ்சுநாத் சார். புது கார்டைப் போடுவதற்கு முன் அதில் உள்ள டயலில் ஓர் எண்ணைத் திருப்பி வைக்க வேண்டும். கழற்றும் கார்டில் என்ன எண்ணோ அதே எண். இரண்டு கார்டிலும் ஒரே எண் வந்துவிட்டால் ஒன்றையொன்று மறித்து இரண்டுமே ஊமையாகிவிடும்.

"இடது கார்டு நம்பர் என்ன?" என்று அக்கா கேட்டார்.

"டிராயிங்ல மூணு மேடம்" என்றார் இன்ஜினியர்.

"மூரே கணம்மா, யாவாகலூ மூரே" என்றார் மஞ்சுநாத் சார். எப்போதும் மூன்றுதான் என்று ஆலையில் எல்லோருக்கும் தெரியும். லேப்டாப்பில் பார்த்தால் மூன்றும் இருந்தது, ஐந்தும் இருந்தது. எது இடது, எது வலது என்று அது சொல்லவில்லை.

"ரத்தினம், நீ சொல்லு."

'மூணு, அக்கா' என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் யார், எதையும் பார்க்காமலே மூன்று விதமாகச் சொல்லக்கூடியவன். ஆனால் வாக்கிடாக்கி பொத்தானை அழுத்தினால் முதலில் அந்த வார்த்தை வந்தாக வேண்டுமே. பார்த்தேன் என்று ஆரம்பிக்க டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தேன். எண் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பாக, கெட்டியாக, நல்ல உருண்டையாக இருந்தது.

"பார்த்தேன், குங்குமம்" என்றேன்.

வாக்கிடாக்கியில் பாஷா சிரிப்பது கேட்டது. அக்கா சிரிக்கவில்லை.

"குங்குமத்துக்குக் கீழ?"

"மூணுன்னு நெனக்கிறேன்க்கா."

பிறகு அக்கா, "சரி. எல்லாரும் கையை எடுங்க. கதவை மூடுங்க. கெட்டில் காலியாகி ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

மஞ்சுநாத் சாருக்கு வேர்த்துவிட்டது. கெட்டில் காலியாகும் வரை காத்திருந்தால் அடுத்த சரக்கு தள்ளிப்போகும். ஆலை நிற்காது என்று வாக்குக் கொடுத்தவரே நிறுத்தினார் என்று ஹெட் ஆபீஸில் பேச்சாகும். "மேடம், நீங்க குடுத்த மாத்து" என்று இழுத்தார். மாத்து என்றால் கன்னடத்தில் வாக்கு. "ஒரு பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு இப்பவே தொடச்சுப் பார்த்தா என்ன?" என்று கேட்டார். ஓடுகிற கார்டில், ஈரத்தோடு, அந்த டயல் அரை மில்லி அசைந்தால் என்ன ஆகும் என்று அக்கா அவரையே திருப்பிக் கேட்டார்.

அப்போது அக்கா சொன்னதை நான் என் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். "சார், இந்த ரத்தினம் தன் வாழ்க்கையிலயே மொத தடவையா ஒரு விஷயத்தைக் கொறச்சுச் சொல்லியிருக்கான். அதுக்கு ஒரு மரியாதை குடுக்கணும். என் பேச்சு போனா போகட்டும்."

சொல்லிவிட்டு அவரே ஹெட் ஆபீஸுக்குப் போன் போட்டார். அவர் அறைக் கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தேன். அவர் அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காது சிவந்திருந்தது. வெளியே வந்தபோது பாஷா, "இன்னா சொன்னாங்க அக்கா?" என்றான். "நெறைய சொன்னாங்க. டீ சொல்லு" என்றார். கேன்டீன் டீ வந்தது. அவருடைய வேலை போய்விடுமோ என்று எங்கள் எல்லோருக்கும் பயம். நெனச்சது இல்லை. பாஷா முகத்தில் பார்த்தது.

மறுநாள் கெட்டில் காலி. ஆறி, கழுவி, உள்ளே வெறும் பச்சைத் தண்ணீர்தான் சுற்றிக்கொண்டிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நான்தான் துடைத்தேன். இத்தனை ஆயுத பூஜையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கரைந்து வந்தது. குங்குமம், சந்தனம், அதற்குக் கீழே குங்குமம், மறுபடி சந்தனம். மஞ்சுநாத் சார் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டயலின் அம்பு தெரிந்தது.

"பார்த்தேன், அஞ்சு" என்றேன்.

"இன்னொரு வாட்டி பாரு."

"பார்த்தேன்க்கா. அஞ்சு."

வலது கார்டையும் துடைத்தோம். மூன்று. எந்தக் காலத்திலோ யாரோ இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், டிராயிங்கைத் திருத்தவில்லை. முந்தின நாள் மூன்று என்று வைத்துப் போட்டிருந்தால் இரண்டு கார்டும் மோதி ஊமையாகியிருக்கும். கலக்கும் மோட்டார் நின்றிருக்கும். கெட்டில் நிறைய கல். ஹோஸ்கோட்டே என்ன, கோலார் வரை சத்தம் கேட்டிருக்கும் என்று நான் ஊரில் சொல்வது வழக்கம். அக்காவுக்காக அதைக் குறைத்துச் சொல்கிறேன்: ஏழுமலையும் இன்னும் சில பேரும் உளியோடு அந்தக் கெட்டிலுக்குள் இறங்கியிருப்பார்கள்.

அக்கா கண்ட்ரோல் ரூமிலிருந்து இறங்கி வந்தார். நான் இரண்டு முறை சொல்லியும் தானே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, குனிந்து பார்த்தார். "பார்த்தேன், அஞ்சு" என்று எங்களிடமே சொன்னார். தனக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டம் என்று அவரிடம் கிடையாது. பொட்டு வைத்தது யார் என்று கேட்பார் என்று நாங்கள் தலையைக் குனிந்து நின்றோம். "நானுந்தான் வருஷக்கணக்கா இந்தக் கதவைத் திறந்து மூடறேன். பொட்டைப் பார்த்தேன், அதுக்குக் கீழ டயல் இருக்கறதைப் பார்க்கல. சரி, புதுசைக் குடுங்க" என்றார்.

இடது கார்டை மாற்றினோம். பச்சை விளக்கு வந்து அசையாமல் நின்ற பிறகு வலது. இரண்டும் பேசின. மேலே பாஷா, "தேக்கா, ரெண்டும் பச்சை" என்றான். மஞ்சுநாத் சார் தன் கையாலேயே எனக்கு மைசூர் பாகு எடுத்துக் கொடுத்தார். ஹெட் ஆபீஸிலிருந்து வந்தது ஒரே ஒரு வரி: வேலை முடிந்ததா? அக்காவும் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: முடிந்தது. டயல் விஷயத்தை மஞ்சுநாத் சார்தான் தானாகப் போய் அங்கே சொன்னார் என்று கேள்வி. அக்கா ரிடையர் ஆன பிறகும் அவர்கள் விடவில்லை, உடம்பு முடியாமல் போகும் வரை ஆலோசனைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அது நான் பார்த்தது.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பேனல் ரூமுக்குப் போனோம். பெட்டிக் கதவின் வெளிப்பக்கம் நடு மத்தியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு, பளபளவென்று ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தது. அக்கா சிவாஜிநகரில் ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கி வந்தது. வழக்கம்போல வாசலில் பொரியோடு நின்றிருந்தார். "உங்க சாமிக்கு வெளிய இம்மாம் பெரிய எடம் குடுத்திருக்கேன். எவ்வளவு வேணுமோ வைங்க. உள்ள மட்டும் வராதீங்க" என்றார். "உள்ள யாருக்குக்கா எடம்?" என்றேன். "உள்ள கண்ணுக்கு மட்டுந்தான் எடம், கைக்குக்கூட இல்ல" என்றார். ஜெபம் செய்கிற ஒருத்தர் பொட்டு வைக்கத் தகடு மாட்டிக் கொடுத்த ஆலை இந்த நாட்டில் வேறு எங்காவது இருந்தால் வந்து சொல்லுங்கள். இன்றும் அந்தத் தகடு இருக்கிறது. போன ஆயுத பூஜைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடக்கத்துக்கு ஊரே திரண்டது என்று எழுத ஆசைதான். பார்த்ததை எழுதுகிறேன். லிங்கராஜபுரம் சர்ச் நிறைந்து, வெளியே தூறலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாஷா தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். மஞ்சுநாத் சார் வந்திருந்தார், இப்போது அவருக்கும் தடி வேண்டியிருக்கிறது. ஏழுமலை சவப்பெட்டியைத் தூக்கத் தோள் கொடுத்தான். அந்தத் தோள் இன்று நன்றாக இருக்கிறது என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கழற்றிய இடது கார்டை அக்கா எனக்கே கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். டயலைச் சுற்றி வட்டமாகக் குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நடுவில் ஐந்து தெளிவாகத் தெரிகிறது. வருகிறவர்களிடம் இந்த ஒரு கார்டு பெங்களூரையே காப்பாற்றியது என்று சொல்வேன். அக்கா இல்லாததால் அவர்களும் நம்பிவிடுகிறார்கள். அது ஒன்றுதான் குறை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கார்டு மட்டும் இல்லை. படுக்கப் போகும்போது என் வீட்டுக்காரி தினமும், "கேஸை மூடினியா?" என்று கேட்பாள். மூடிட்டேன் என்று நாக்கு நுனி வரை வரும். "மூடினேன்னு நெனக்கிறேன். இரு, பார்த்துட்டு வர்றேன்" என்று எழுந்து போவேன். போய்ப் பார்த்தால் அநேகமாக மூடித்தான் இருக்கும். இருந்தாலும் போகிறேன், அக்கா.